கல்லுக்குப் பதில் இரண்டு தேங்காய்

அத்தியாயம் 4

திருட வந்தவன் தேங்காய் வைத்துவிட்டுப் போவானா?

காலை பத்து மணியிலிருந்து துப்பறியும் ராஜமாணிக்கத்தின் மண்டையை இந்தக் கேள்விதான் குடைந்துகொண்டிருந்தது. இப்போது மணி இரண்டே கால். சாத்தம் படகுத்துறையில் பாம்பூஃப்ளாட் போகும் ஃபெர்ரிக்காக அவரும் உதவியாளர் கார்த்திகாவும் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குள் விடை கிடைக்காவிட்டால் கந்தன் என்கிற அப்பாவி மனிதர் போலீஸ் ஜீப்பில் ஏற வேண்டியிருக்கும். ஒருவருக்குத் திருடன் என்று பெயர் வந்தால் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ள இது மெயின்லேண்ட் இல்லை. இது தீவு, நாலு பக்கமும் கடல்.

ராஜமாணிக்கம் முப்பது வருடம் கப்பல் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர். டிக்கெட் கிடைக்காத ஜனங்கள் கம்பிக்கு வெளியே நின்று சொல்லும் சாவு, கல்யாணம், ஆபரேஷன் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு, இது அசல் சாவா, டிக்கெட்டுக்காக வந்த சாவா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ரிட்டயர் ஆனதும் அந்தத் திறமை வீணாகக் கூடாது என்று துப்பறிய வந்துவிட்டார். ஒரே ஒரு குறை. கப்பல்காரர் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கும் இந்த மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. பத்து நிமிட ஃபெர்ரிக்கே வயிறு கலங்கிவிடும்.

கார்த்திகா வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவள். ஒரு நாள் வக்கீலையே குறுக்கு விசாரணை செய்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

போனது ஒரு கல். அபர்தீன் பஜாரில் லாட்ஜ் நடத்தும் பன்னீர்செல்வம், கீழ்த்தளத்தில் 'கடல் உலகம்' என்று ஒரு கண்காட்சி வைத்திருக்கிறார். அதற்காகச் சென்னையில் இருக்கும் பேராசிரியர் சிவஞானத்திடம் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கிய கல் அது. ஐம்பத்தைந்து கோடி வருடத்துக்கு முன்னால், மீனும் நண்டும் சிப்பியும் தோன்றுவதற்கு முன்பே, கடலடி மணலில் படுத்துக் கிடந்த ஒரு ஜீவனின் அச்சு அதில் பதிந்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீள்வட்டம், நடுவே ஒரு கோடு, கோட்டின் இரு பக்கமும் நெருக்கமாக வரிகள். எலும்பும் ஓடும் இல்லாத வெறும் மெத்து உடம்பு. அது கல்லில் அச்சாகத் தங்கியதே அதிசயம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார்.

"எலும்பு இல்ல, பல்லு இல்ல, படுத்த எடத்த விட்டு எழுந்துக்கவும் இல்ல," என்றாள் கார்த்திகா, போட்டோவைப் பார்த்துக்கொண்டே. "சார், இது உங்க பக்கத்து கவுன்டர்ல வேலை பார்த்திருக்குமோ?"

 பக்கத்து கவுன்டர்க்காரரை ராஜமாணிக்கத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது.

கண்காட்சி முடிந்ததும் கல்லைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து, லாட்ஜ் காவல்காரர் கந்தனிடம் ஒப்படைத்திருக்கிறார் பன்னீர்செல்வம். மறுநாள் காலைக் கப்பலில் சென்னை போகும் ஒரு டீச்சரிடம் அதைச் சேர்க்க வேண்டும். லாட்ஜ் ஆபீஸ் திறப்பதற்குள் கப்பல் போய்விடும் என்பதால், பெட்டி அந்த ஒரு ராத்திரி பாம்பூஃப்ளாட்டில் கந்தன் வீட்டில் தங்கியது. மறுநாள் கந்தன் பெட்டியை டீச்சரிடம் கொடுத்தார், டீச்சர் சென்னையில் சேர்த்தார். இன்று காலை பேராசிரியர் திறந்து பார்த்தால் உள்ளே இரண்டு தேங்காய்.

பெட்டியில் கல் இல்லை என்று முதலில் போன் வந்தபோது கந்தன் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து கத்தியிருக்கிறார். பத்து நிமிடம் கழித்துப் பேராசிரியர் அனுப்பிய போட்டோ வந்தது. அதைப் பார்த்ததும் கந்தன் வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு "எனக்கு ஒண்ணும் தெரியாது சாப்" என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஆள் மாட்டிக்கொண்டான், அதனால்தான் வாயடைத்துப் போய்விட்டான் என்பது பன்னீர்செல்வத்தின் கட்சி. ஐந்து மணிக்குப் புகார் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லி, கந்தனை லாட்ஜ் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்.

ராஜமாணிக்கத்துக்கு ஒரு கட்சி இருந்தது. இது பழைய கல் கடத்தும் சர்வதேசக் கும்பலின் வேலை, தேங்காய் அவர்களுடைய ரகசிய அடையாளம்.

"அப்ப நாளைக்கு வெத்தலையும் வாழப்பழமும் வரும் சார். முழுத் தாம்பூலமா வாங்கிக்கலாம்," என்றாள் கார்த்திகா.

அவர் முறைத்துவிட்டுப் பெட்டியின் போட்டோவை மறுபடியும் பார்த்தார். இரண்டு தேங்காயும் சுத்தமாக மட்டை உரித்து, குடுமி மட்டும் அழகாக விடப்பட்டிருந்தது. பெட்டி மூடியில் ஆணி அடித்த இடமெல்லாம் மஞ்சளாகக் கறை. பெயின்ட் என்று பன்னீர்செல்வம் சொல்லியிருந்தார். பன்னீர்செல்வம் சொன்னதாலேயே அதை நம்பக் கூடாது என்று ராஜமாணிக்கத்துக்குத் தோன்றியது.

ஃபெர்ரி வந்தது. ஏறியதும் ராஜமாணிக்கம் வழக்கம்போலத் தண்ணீரைப் பார்க்காமல் உள்சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகக் கூடாதவை என்று வண்ணப் படங்களோடு போட்டிருந்தார்கள். சங்கு, பவளம், கடல் அட்டை, கடல் குதிரை. படகு ஆடிய ஆட்டத்தில் ஒன்பது படமும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இறங்கும்போது முகம் வெளிறியிருந்தது. எலுமிச்சம்பழம் வேண்டுமா, இல்லை நேராக ஆஸ்பத்திரிக்கே போய்விடலாமா என்று கார்த்திகா விசாரித்தாள்.

கந்தனின் வீடு கடலை ஒட்டி இருந்தது. கொல்லையில் ஒரு தென்னை. அதைத் தாண்டினால் அலையாத்தி மரங்கள், அதற்கப்பால் தண்ணீர். கதவைத் திறந்த தனபாக்கியத்துக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கந்தனின் மனைவி. அவர் பேச்சில் ராமநாதபுரம் அப்படியே இருந்தது. உட்காரச் சொன்னார், டீ போட்டார். அன்று ராத்திரி வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்டால் யாரும் வரவில்லை என்றார். பெட்டியை யாராவது தொட்டார்களா என்று கேட்டால் அடுப்பைப் பார்த்தார்.

அப்புறம் அவராகவே ஒன்று கேட்டார்.

"ஐயா, திருட்டுக் கேசுன்னா ஆறு மாசத்துல விட்டுருவாகளா?"

கவுன்டர் அனுபவம் ராஜமாணிக்கத்தை உசுப்பியது. புருஷன் நிரபராதி என்று அடித்துச் சொல்ல வேண்டிய பெண், தண்டனையின் நீளத்தைக் கேட்கிறார். அதுவும் ஆறு மாதம் என்றால் பரவாயில்லை என்கிற குரலில். ஆனால் கண்ணீர் அசல். இப்படி ஒரு கணக்கு அவர் கவுன்டரில் பார்த்ததே இல்லை.

அந்த நேரம் பக்கத்து வீட்டு வங்காளி அம்மாள் வாசலில் நின்று, "தீதி, மேரா கட்டோரா" என்று குரல் கொடுத்தார். காலையில் விஷயம் கேள்விப்பட்டு, பாவம் சமைத்திருக்க மாட்டாள் என்று மீன் குழம்பு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கிண்ணத்தைத் தேடி வந்திருக்கிறார்.

தனபாக்கியம் கிண்ணத்தைக் கழுவினார். துடைத்தார். கொடுக்கப் போனவர் நின்று சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். அன்று அந்த வீட்டில் உலையே வைக்கவில்லை. ஒன்றும் கிடைக்காமல், சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தார். புருஷன் ஜெயிலுக்குப் போகிற நாளிலும் வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை.

ராஜமாணிக்கத்தின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது.

மெதுவாகத் தலையைத் திருப்பினார். சமையலறை மூலையில் அம்மி. அதன் மேல் குழவி. குழவியின் ஒரு முனை மஞ்சளாக இருந்தது. அந்த முனையில் ஆணித்தலை பட்ட மாதிரி சின்னச் சின்னப் பள்ளங்கள்.

"கார்த்திகா, பெட்டி மூடியில இருந்தது பெயின்ட் இல்ல. மசாலா."

"சர்வதேசக் கும்பல் அம்மியிலதான் அரைக்குதா சார்?"

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தனபாக்கியம் திரும்பி வந்ததும், கவுன்டரில் யாரிடமும் பேசியிராத மெல்லிய குரலில் கேட்டார்.

"அம்மா, அந்தப் பெட்டிய வெறுமையா அனுப்ப உங்களுக்கு மனசு வரல. அப்படித்தானே?"

தனபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகைக்கு நடுவே எல்லாம் வெளியே வந்தது.

அன்று சாயங்காலம் கந்தன் ஒரு பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தொடாதே, கேட்காதே, யாரிடமும் சொல்லாதே என்றிருக்கிறார். பன்னீர்செல்வம் தன்னிடம் சொன்னதை ஒரு வார்த்தை மாறாமல் மனைவியிடம் ஒப்பித்த விசுவாசம் அது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் மனைவியிடம் எதையும் மறைக்காத மனிதர் இப்படிப் பேசினால் எந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வரும்? காலையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் தனபாக்கியம் மூடியை நெம்பித் திறந்திருக்கிறார்.

"பாத்ததும் என் ஈரக்கொலையே நடுங்கிருச்சு. ஃபெர்ரியில படம் ஒட்டியிருக்காகளே, அதே கோரல். மெயின்லேண்டுக்குக் கோரல் கடத்துறாகன்னு நெனச்சேன்."

ராஜமாணிக்கத்துக்கு மனப்பாடமான ஒன்பது படங்களும் கண் முன்னால் வந்தன. இரண்டாவது படம், காளான் பவளம். நீள்வட்டம், நடுவே ஒரு கோடு, இரு பக்கமும் நெருக்கமாக வரிகள். கார்த்திகா போனில் இருந்த கல்லின் போட்டோவை மறுபடி பார்த்தாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

தனபாக்கியத்தின் அக்கா மகன் மூன்று வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு பவளத்தை மிட்டாய் டப்பாவில் வைத்துக் கப்பலேறப் போய், சோதனையில் மாட்டியவன். இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறான். அதனால் கடலில் எடுத்ததைக் கடலிலேயே விட்டுவிடுவது என்று தனபாக்கியம் முடிவு செய்திருக்கிறார். கொல்லைப்புறம் போய், ததும்பிக்கொண்டிருந்த தண்ணீரில் பலம் கொண்ட மட்டும் வீசிவிட்டார். பெட்டி யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகிறது, வெறுமையாக அனுப்பினால் நன்றாக இருக்காது என்று கொல்லைத் தென்னையின் இரண்டு காய்களை உரித்து வைத்து, குழவியால் ஆணி அடித்து மூடியும் விட்டார். கந்தன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

இன்று கல் திருட்டு என்று பேச்சு வந்தபோதும் தனபாக்கியம் வாய் திறக்கவில்லை. அதற்கும் காரணம் இருந்தது.

"திருட்டுக்கு ஆறு மாசம்னு சொன்னாக. கோரலுக்கு மூணு வருசத்துக்குக் கொறையாதாம். உண்மையச் சொன்னா மூணு வருசமாகிருமேன்னு பேசாம இருந்தேன்."

அது பவளமே இல்லை, உலகத்துக்கே வேண்டிய பழைய கல் என்று கார்த்திகா விளக்கிச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"அம்பத்தஞ்சு கோடி வருஷம் கழிச்சு அத அதோட சொந்த ஊருக்கே அனுப்பி வெச்சுட்டீங்க அக்கா."

மணி மூன்றரை. ராஜமாணிக்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நேற்று அமாவாசை; அமாவாசையை ஒட்டிக் கடல் வழக்கத்தைவிட அதிகம் உள்வாங்கும். கல் விழுந்தது ஐந்து நாளைக்கு முன், தண்ணீர் ஏறி நின்ற விடியற்காலையில். இன்று நாலு மணி வாக்கில் தண்ணீர் வற்றுகிற அளவுக்கு இந்த ஐந்து நாளில் வற்றியிருக்காது. அவர் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார்.

கொல்லைக்கு அப்பால் சேறும் கல்லுமாகக் கடல் பின்வாங்கிக் கிடந்தது. சிக்கல் என்னவென்றால், அங்கே ஆயிரம் கல் கிடந்தது. எல்லாவற்றின் மேலும் ஒரே சேறு. ராஜமாணிக்கம் ஒரு யோசனை செய்து, குழவியைக் கொண்டுவரச் சொன்னார். அன்று நின்ற இடத்திலேயே நின்று, அன்று வீசிய அதே பலத்தோடு அதை வீச வேண்டும். தனபாக்கியம் குழவியை மார்போடு அணைத்துக்கொண்டு தயங்கினார். அவருடைய கல்யாணச் சீர் அது. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு வீசினார். மறைத்து வைத்த பயமெல்லாம் அந்த வீச்சில் போயிருக்க வேண்டும். குழவி கார்த்திகாவின் தலைக்கு மேலே பறந்து வெகுதூரம் தள்ளிச் சேற்றில் விழுந்தது.

"அக்காவ ஒலிம்பிக்குக்கு அனுப்பாம விட்டது கவர்ன்மென்ட்டோட தப்பு," என்று சொல்லிக்கொண்டே கார்த்திகா சேற்றில் இறங்கினாள்.

குழவி விழுந்த இடத்திலிருந்து நாலு முழத்தில், கணுக்கால் ஆழக் குட்டை ஒன்றில் அது கிடந்தது. அச்சு மேல்பக்கம். தண்ணீருக்கு அடியில் வரிகள் தெளிவாகத் தெரிந்தன. தனபாக்கியம் அங்கிருந்தே கும்பிட்டார். கார்த்திகா குனிந்து கையை நீட்டினாள். நீட்டிய கையை அப்படியே இழுத்துக்கொண்டாள்.

கல்லின் மேல், ஒரு ஓரமாக, சேற்று நிறத்திலேயே ஒரு கடல் அட்டை படுத்திருந்தது.

அந்த நோட்டீஸில் மூன்றாவது படம். இதைத் தொட்டால், தனபாக்கியம் ஐந்து நாளாக எந்தக் கேஸுக்குப் பயந்தாரோ அந்தக் கேஸ் அசலாகவே வந்துவிடும். கரையில் நின்ற தனபாக்கியத்துக்கு அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கார்த்திகா சொல்லிவிட்டாள். அவர் மறுபடி அழுதுகொண்டே குட்டைக்கு இறங்கி வந்தார்.

மணி நாலு. நாலரை ஃபெர்ரியைப் பிடித்தால்தான் ஐந்துக்குள் லாட்ஜுக்குப் போக முடியும். மூன்று பேரும் குட்டையைச் சுற்றி நின்று ஓர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டைக்கு எந்த அவசரமும் இல்லை.

"சார், இது எங்க தாத்தா எடம்னு பட்டா கேக்கப்போவுது," என்றாள் கார்த்திகா. "அதுக்கும் எலும்பு இல்ல, இதுக்கும் எலும்பு இல்ல. பக்கா சொந்தம்."

ராஜமாணிக்கம் வாட்சைப் பார்த்தார். நாலு ஐந்து. நாலு பத்து. முப்பது வருடம் தன் முன்னால் நின்று ஜனங்கள் எப்படிக் கெஞ்சியிருப்பார்கள் என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது. டிக்கெட் இல்லை என்று சொல்லும் முகம் எப்படி இருக்கும் என்பதை அட்டையின் முகத்தில் பார்த்தார். அதில் எது முகம் என்று தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நாலே காலுக்குத் தண்ணீர் மெல்லத் திரும்பத் தொடங்கியது. சேற்றில் கால்வாய் மாதிரி ஒரு கோடு ஊர்ந்து வந்து குட்டையில் கலந்தது. புதுத் தண்ணீர் பட்டதும் அட்டை ஒரு முனையைத் தூக்கியது, யோசித்தது, அப்புறம் அங்குலம் அங்குலமாக நகர்ந்து கல்லை விட்டு இறங்கியது. கார்த்திகா கல்லை வாரி எடுத்தாள். மூவரும் ஓடினார்கள். ராஜமாணிக்கத்தின் ஒரு செருப்பு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

ஃபெர்ரியில் கல்லை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி வந்தார் ராஜமாணிக்கம். சாத்தத்தில் இறங்கியபோதுதான், வயிறு கலங்கவே இல்லை என்று கார்த்திகா அவருக்கு ஞாபகப்படுத்தினாள். உடனே கலங்கிவிட்டது.

லாட்ஜுக்குள் நுழைந்தபோது ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. பன்னீர்செல்வம் புகாரை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்திருந்தார். ராஜமாணிக்கம் அந்தக் காகிதத்தின் மேலேயே உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கல்லை வைத்தார். தனபாக்கியம் நடந்ததைச் சொன்னார். பன்னீர்செல்வம் கோபப்படலாமா, சிரிக்கலாமா என்று தெரியாமல் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் சொன்னதைக் கந்தன் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டார், அதுதான் இந்தக் கேஸில் நடந்த ஒரே குற்றம் என்று ராஜமாணிக்கம் சொன்னதும் பன்னீர்செல்வம் புகாரைக் கிழித்தார்.

பெஞ்சில் கந்தன் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். ராஜமாணிக்கம் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவருக்கு இன்னும் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது.

"போட்டோ வர்ற வரைக்கும் சத்தியம் பண்ணீங்க. தேங்காயப் பாத்ததும் நிறுத்திட்டீங்க. ஏன்?"

கந்தன் மனைவியை ஒரு தடவை பார்த்தார்.

"எங்க வீட்டுத் தேங்கா எனக்குத் தெரியாதா சாப்? குடுமிய இவ அப்பிடித்தான் விடுவா. எதுக்கு எடுத்தான்னு தெரியல. எடுத்தது இவன்னு தெரிஞ்சுபோச்சு. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல."

தனபாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கார்த்திகா கேலி எதுவும் செய்யாமல் கந்தனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.  அவளைப் பொறுத்தவரை அது அபூர்வம்.

பேராசிரியருக்குப் போன் போட்டார்கள். கல் கிடைத்தது என்றதும் அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அந்தத் தேங்காய்கள் தடயமாயிற்றே, பத்திரமாக இருக்கின்றனவா என்று பன்னீர்செல்வம் மிடுக்காகக் கேட்டார். ஒன்று மத்தியானமே சட்னி ஆகிவிட்டது என்று பேராசிரியர் சொன்னார். இவ்வளவு ருசியான தேங்காயை அவர்கள் வீட்டில் பார்த்ததில்லையாம், இன்னும் கிடைக்குமா என்று அவருடைய மனைவி கேட்கச் சொன்னாராம்.

அது காதில் விழுந்ததும் அன்று முழுவதும் இல்லாத ஒரு சிரிப்பு தனபாக்கியத்தின் முகத்தில் வந்தது. அடுத்த பெட்டியில் கல்லோடு நாலு காய் வைத்துவிடலாம் என்றார். இந்த முறை உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்கும் சொல்லிவிட வேண்டும் என்றார் கந்தன். நீங்களும் எனக்குச் சொல்லுங்கள் என்றார் தனபாக்கியம். வீட்டுக்குப் போய் முதலில் இவளுக்கு ஒரு துவையல் அரைத்துக் கொடுக்க வேண்டும், காலையிலிருந்து பட்டினி கிடந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டே கந்தன் எழுந்தார்.

தனபாக்கியத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் ராஜமாணிக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, எங் குழவி?"

ராஜமாணிக்கம் கார்த்திகாவைப் பார்த்தார். கார்த்திகா ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.